ஓசூர் பட்டறையில் ஷிப்ட் பொறுப்பு எடுப்பவர்களுக்கு: ஆட்களைப் பேச வைத்து வேலைப் பழக்கத்தை மாற்ற முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட், சிட்கோ பகுதிகளில் 20 முதல் 60 பேர் வரை வேலை செய்யும் சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) பட்டறைகளில் புதிதாக ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனவர்களுக்காக எழுதியது இது. இவர்களில் பெரும்பாலானோர் போன மாதம் வரை ஆபரேட்டர்கள். மெஷின் அத்துப்படி. ஆட்களை எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

வரிசைதான் முக்கியம். முதல் நாளே புது விதி போடுவது, மறுநாள் திட்டுவது, மூன்றாம் வாரம் "இவங்க மாற மாட்டாங்க" என்று கைவிடுவது என்பதே வழக்கமாக நடப்பது. இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் அவர்கள் வேலைக்கு இருக்கும் தடையை எடுங்கள். அப்புறம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேளுங்கள். அதோடு, அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்துப் பதில் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன இந்தப் பதில் இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஒரு மாதம்கூடத் தாங்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று. நான்கடிக்கு மூன்றடி வெள்ளைப் பலகை ஒன்று, மூன்று நிற மார்க்கர்கள். கடந்த மூன்று மாத ரிஜெக்‌ஷன் (அளவு தவறிக் கழித்த பீஸ்) கணக்கு, மெஷின் வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் எதை மாற்றுவது என்பது ஊகமாகப் போய்விடும்.

முதலாளியிடமோ மேனேஜரிடமோ இரண்டு அனுமதிகளை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஒன்று, ஷிப்ட் தொடக்கத்தில் 7 நிமிடம் மெஷின் ஓடாமல் நிற்கும் என்பதற்கு. இன்னொன்று, யாரையும் கேட்காமல் செலவு செய்ய ஒரு சின்னத் தொகைக்கு. மாதம் 2,000 ரூபாய் இருந்தாலும் போதும். ஒரு ஸ்கிரேப்பர், ஒரு கையுறை ஜோடி, ஒரு டியூப் லைட் வாங்கக்கூடப் பர்ச்சேஸ் கையெழுத்துக்கு ஒரு வாரம் அலைகிற சூப்பர்வைசரிடம் ஆபரேட்டர் எதையும் சொல்ல மாட்டார். சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

சம்பளம் தேதிக்கு வருகிறதா என்றும் பாருங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும், ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். இந்த இரண்டும் தவறுகிற இடத்தில் கீழே சொல்லியிருப்பது எதுவும் வேலை செய்யாது. முதலில் அதைத்தான் மேலே பேசித் தீர்க்க வேண்டும்.

2. முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

ஒவ்வொரு நாளும் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து, 30 நிமிடம் ஓரமாக நில்லுங்கள். ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்களைப் பார்க்க வரலைண்ணா, உங்களுக்கு எது தொல்லையா இருக்குன்னு பார்க்க வந்தேன்." சொல்லாமல் போய் நின்றால் வேவு பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள். அந்த அரை மணி நேரமும் அவர் வேறு மாதிரி வேலை செய்வார்.

நோட்டில் எழுத வேண்டியது ஒன்றுதான்: மெஷினை விட்டு எத்தனை முறை போகிறார், எதற்காகப் போகிறார். கேஜ் (அளவு பார்க்கும் கருவி) எடுக்க, இன்சர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டுமுனை) வாங்க, டிராயிங் கேட்க, ட்ராலி தேட, தண்ணீர் குடிக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மெஷினுக்கு ஒரே மைக்ரோமீட்டர் இருக்கும் இடத்தில், ஒருவர் அளக்கும்போது மற்றவர் அளக்காமலே அடுத்த பீஸை மாட்டுவதைப் பார்ப்பீர்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியம். பக்கத்தில் நின்றால் கருவிப் பற்றாக்குறை என்று தெரியும்.

செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். இந்த வாரத்தில் யாரையும் திருத்தவும் வேண்டாம். கையை உள்ளே விடுவது, கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கைக் கட்டிவைப்பது போன்ற ஆபத்துகளை மட்டும் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

3. இரண்டாம் வாரம்: தடையை எடுங்கள்

நோட்டில் கோடு அதிகம் விழுந்த மூன்றை எடுத்து, செலவு குறைந்ததிலிருந்து தீர்த்து வாருங்கள். கேஜுக்கு மெஷின் பக்கத்திலேயே ஒரு மரப்பலகைத் தாங்கி, இன்சர்ட் ஒரு ஷிப்டுக்கு வேண்டியதை முன்பே எண்ணிக் கொடுப்பது, எண்ணெய் சிந்தும் இடத்தில் மரத்தூள் பெட்டி என்று பெரும்பாலும் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும்.

கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) நாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு நின்ற மெஷினைத் திங்கள் காலை ஓட்டினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். மெஷின் நகரும் தடத்துக்கு இடும் ஸ்லைடுவே எண்ணெய் கூலன்ட் மேல் படலமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா அந்த ஒரு நாளில் பெருகிவிடும். ஆபரேட்டருக்குக் கை அரிக்கும், மெஷின் கதவைத் திறக்கவே மனம் வராது. பீஸை வெளியே எடுத்து அளக்கச் சொன்னால் எப்படி அளப்பார்?

தீர்வு எளிது. சனிக்கிழமை கடைசி ஷிப்டில் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் கூலன்டின் செறிவு பார்க்க வேண்டும். சாதாரண டர்னிங் வேலைக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம் இருந்தால் சரி. உங்கள் கூலன்டுக்கு எவ்வளவு என்பதும், ரீடிங்கை எதால் பெருக்க வேண்டும் என்பதும் சப்ளையர் தரும் தாளில் இருக்கும். அளவு குறைந்ததும் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. செறிவு இறங்க இறங்கப் பாக்டீரியா கூடும். கலக்கும்போது தண்ணீரில் கூலன்ட் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். எண்ணெய் மேல் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காமல் திரிந்து நிற்கும்.

இப்படி ஒன்று தீர்ந்த பிறகு நீங்கள் கேட்கும் பழக்கத்துக்கு மதிப்பு இருக்கும். இந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்று பலருக்கும் தோன்றும். தாண்டிப் போகாதீர்கள்.

4. ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

"தரத்தில் கவனம் வேணும்", "பொறுப்பா இருங்க" என்பதெல்லாம் பழக்கம் ஆகாது. யாரும் அதைச் செய்து காட்ட முடியாது, நீங்களும் போய்ப் பார்க்க முடியாது. பழக்கம் என்றால் மூன்று குணம் இருக்க வேண்டும். ஆபரேட்டர் கையில் மட்டுமே இருக்க வேண்டும், ஸ்டோர்ஸ் சாவி தேவைப்படக் கூடாது. எப்போது செய்ய வேண்டும் என்று தெளிவான ஒரு அடையாளம் இருக்க வேண்டும். நீங்கள் பத்து நொடியில் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

ஒரு நல்ல தேர்வு: "இன்சர்ட் மாற்றியதும் வரும் முதல் பீஸை அளந்து, அளவைத் தாளில் எழுதிய பிறகே அடுத்த பீஸை மாட்ட வேண்டும்." இன்சர்ட் மாறுவது அடையாளம். தாளில் உள்ள எண் சாட்சி. இடையில் வேறு யாரும் தேவையில்லை.

இன்னொன்று, ஓசூர் குளிருக்கென்றே பொருந்துவது: டிசம்பர், ஜனவரி காலை 6 மணி ஷிப்டில் 15 நிமிடம் மெஷினைச் சூடேற்றிய பிறகே முதல் பீஸ். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் 11 முதல் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை நீளும். மெஷினின் அச்சை நகர்த்தும் அரை மீட்டர் பால் ஸ்க்ரூ 5 டிகிரி சூடேறினாலே 30 மைக்ரான் பக்கம் நகர்ந்துவிடும். டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) 20 மைக்ரான் என்றால், குளிர்ந்த மெஷினில் சரியாக வந்த அளவு ஒரு மணி நேரத்தில் தவறாகிவிடும். ஆபரேட்டர் ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) மாற்றி மாற்றிப் போராடுவார். காரணத்தை இப்படி எண்ணோடு சொன்னால் பத்தாவது படித்தவரும் ஐடிஐ முடித்தவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள். "மேலிடத்து உத்தரவு" என்று சொன்னால் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பும்வரைதான் செய்வார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பழக்கம் வேண்டாம். ஐந்து கேட்டால், எதைச் செய்யாவிட்டால் நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் பழக்கமாகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யாமல், ரிஜெக்‌ஷன் கணக்கிலிருந்து மூன்றை எழுதி, அனுபவமுள்ள இரண்டு ஆபரேட்டர்களிடமும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடமும் காட்டுங்கள். சொற்களையும் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். தன் வாயால் சொன்ன வாக்கியத்தை யாரும் சீக்கிரம் மீற மாட்டார்கள்.

5. ஷிப்ட் தொடக்கக் கூட்டம்: 7 நிமிடம், நின்றபடி

கம்பெனி பஸ் வந்து, பஞ்ச் வைத்து, யூனிஃபார்ம் மாற்றியதும் பலகை முன்னால் நின்று பேசுங்கள். உட்கார்ந்தால் 20 நிமிடம் ஆகிவிடும். சூளகிரி, ராயக்கோட்டை வண்டி பனியில் தாமதமானால் வந்தவர்களை வைத்து நடத்துங்கள், பின்னால் வந்தவர்களுக்கு மெஷினிலேயே ஒரு நிமிடம் சொல்லுங்கள். ஒருநாள் ரத்து செய்தால் அடுத்தடுத்த ரத்துக்கு அதுவே வழியாகிவிடும்.

பேசும் வரிசை: நேற்று சொன்ன குறைகளுக்குப் பதில் முதலில். அடுத்து பாதுகாப்பு பற்றி ஒரு வரி. பிறகு நேற்றைய ரிஜெக்‌ஷன் எண், இன்றைய லோடு. கடைசியில் ஒரு கேள்வி. பதிலை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணிலிருந்து தொடங்கினால் கூட்டம் விசாரணையாக மாறிவிடும். பதிலிலிருந்து தொடங்கினால், நேற்று பேசியவருக்குப் பேசியது வீண்போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் தெரியும்.

கேள்வி எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். "ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்லீங்க சார்" என்றுதான் வரும். "இன்னைக்கு எந்த மெஷின் தொல்லை கொடுக்கும்?", "எந்த கேஜ்மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லை?" என்று கேளுங்கள். இதற்கு 'இல்லை' என்று சொல்ல முடியாது, ஏதாவது ஒரு பெயர் வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சூப்பர்வைசரே பேசிவிடுவதால்தான் ஆட்கள் பேசுவதில்லை.

மொழியை மறக்காதீர்கள். கெலமங்கலம், தளி, பாகலூர் பக்கத்திலிருந்து வருபவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. ஒடிசா, பீகார் தம்பிகளும் இருப்பார்கள். எல்லோருக்கும் புரிய ஒரு வழி: ஒரு கையில் நல்ல பீஸ், மறு கையில் நேற்று ரிஜெக்ட் ஆன பீஸ். கேஜைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு தமிழ் அதிகம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு அதையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டியதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லித் திட்டாதீர்கள். ஒருவரைத் திட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற எல்லோரும் இனிமேல் ரிஜெக்ட் பீஸை எங்கே ஒளிப்பது என்று யோசிப்பார்கள்.

6. குறைப் பலகை: ஒரு நாளில் பதில்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, மெஷின் எண், குறை, பதில், முடிந்த தேதி. சொன்னவர் பெயர் வேண்டாம், மெஷின் எண் போதும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "சக்கு கல்லு மாதிரி இறுகுது" என்றால் அப்படியே எழுதுங்கள், "கிளாம்பிங் பிரச்சினை" என்று மாற்றி எழுதினால் அது அவருடைய குறையாக இருக்காது.

அடுத்த நாள் கூட்டத்துக்குள் பதில் கட்டம் நிரம்ப வேண்டும். பதில் மூன்று வகைதான். ஒன்று: முடிந்தது. இரண்டு: இந்தத் தேதிக்குள் முடியும். மூன்று: முடியாது, காரணம் இது.

மூன்றாவதைச் சொல்லத்தான் புதியவர்கள் தயங்குகிறார்கள். "மேல பேசியிருக்கேன்", "பார்க்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள். 'பார்க்கலாம்' என்று எழுதிய குறை பலகையில் மூன்று வாரம் கிடந்தால், அந்தப் பலகை முழுவதும் பொய் என்று ஆகிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த வருடம் வாங்க முடியாது என்றால் அதையே எழுதுங்கள், ஏன் என்று எழுதுங்கள், அதுவரை என்ன செய்யலாம் என்றும் எழுதுங்கள். கோபம் வரும். ஆனால் மறுநாளும் பேசுவார்கள்.

பலகை வைத்த முதல் வாரத்தில் டீ தண்ணியாக இருக்கிறது, கழிவறைத் தாழ்ப்பாள் இல்லை, பஸ்ஸில் இடம் இல்லை என்பவைதான் வரும். வேலை சம்பந்தமாக எதுவும் வரவில்லையே என்று எரிச்சல்படாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்கிறீர்களா என்று சோதிக்கிறார்கள். தாழ்ப்பாளை அன்றே போடுங்கள். அதற்குப் பிறகுதான் "அந்த மூணாவது மெஷின் டரெட் ஆடுதுங்க, ஆறு மாசமா சொல்லாம இருந்தேன்" என்பது வரும்.

7. ரவுண்ட் போகும் முறை

ஒரு ஷிப்டுக்கு இரண்டு முறை போதும். முதலாவது தொடங்கி ஒரு மணி நேரத்தில், இரண்டாவது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில்.  ஒரே வழியில் போகாமல் மாற்றி மாற்றிப் போங்கள்.

தேர்ந்தெடுத்த பழக்கத்தை மட்டும் பாருங்கள். செய்திருந்தால் அந்த இடத்திலேயே, எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லிப் பாராட்டுங்கள்: "இன்சர்ட் மாத்தி முதல் பீஸ் எழுதியிருக்கீங்க, நல்லது." வெறும் "சூப்பர்" என்றால் எதற்கு என்று அவருக்கே தெரியாது. செய்யாவிட்டால் முதல் கேள்வி "ஏன் செய்யலை?" என்று இருக்கக் கூடாது. "எது தடுத்துச்சு?" என்று கேளுங்கள். பேனா தீர்ந்திருக்கலாம், தாள் எண்ணெயில் நனைந்திருக்கலாம், கேஜ் அடுத்த மெஷினில் இருக்கலாம்.

திருத்த வேண்டியிருந்தால் அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். நீங்கள் செய்துகாட்டுங்கள், ஏன் என்று சொல்லுங்கள், அவரைச் செய்யச் சொல்லுங்கள், செய்துகொண்டே ஏன் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நான்காவதை விடாதீர்கள், காரணம் புரிந்ததா என்பது அதில்தான் தெரியும். வயதில் மூத்த ஆபரேட்டரை 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பழகியவர் சூப்பர்வைசர் ஆனதும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால், அந்த ஒரு சொல்லிலேயே உறவு போய்விடும்.

8. ஷிப்ட் ஒப்படைப்பு

மதியம் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் தகவல் தொலைகிறது. வெளியே போகிறவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார், உள்ளே வருகிறவர் இன்னும் பஞ்ச் வைத்துக்கொண்டிருப்பார். 10 நிமிடம் இருவரும் சேர்ந்திருக்கும்படி நேரத்தைச் சரிசெய்யுங்கள், அந்த 10 நிமிடத்துக்குக் கூலி கொடுங்கள். மெஷின் முன்னால் நின்று நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: கடைசி பீஸின் அளவு, இன்சர்ட் எப்போது மாற்றியது, ஆஃப்செட் எவ்வளவு கொடுத்தது, பாதியில் நிற்கும் தொல்லை என்ன. ஆஃப்செட்டைச் சொல்லாமல் போனால், வருகிறவர் ஏற்கனவே திருத்தியதை மறுபடி திருத்துவார். அந்த முதல் ஐந்து பீஸ் போய்விடும்.

9. லீவு: முன்கூட்டியே கேளுங்கள்

"சொல்லாம கொள்ளாம லீவு போடறாங்க" என்ற புலம்பல் எல்லாப் பட்டறையிலும் உண்டு. இந்த மாவட்டத்தில் வேலைக்கு வருபவர்களில் பலருக்குக் காடு கழனி இருக்கிறது. மாம்பழ அறுவடை மே கடைசி தொடங்கி ஜூலை வரை ஓடும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு வந்தால் ஒகேனக்கல் போகும் குடும்பங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ராகி அறுப்பு. மார்ச் பக்கம் சந்திரசூடேஸ்வரர் தேர், உகாதி. தேதி முன்பே தெரிந்த லீவு இவை. ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி, அடுத்த மாதத் தாளைப் பலகையில் மாட்டுங்கள். யாருக்கு எப்போது வேண்டும் என்று அவர்களே எழுதட்டும். ஒரே நாளில் மூன்று பேர் எழுதினால் அவர்களுக்குள்ளேயே பேசி மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள், பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள்.

கூடவே, எந்த மெஷினை யார் ஓட்டுவார் என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு மெஷினுக்கு மூன்று பேராவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த மெஷின் இருந்தால், அவருக்கு லீவு மறுப்பீர்கள், அவரும் சொல்லாமல் போவார்.

10. எண்ணை எப்படிப் பயன்படுத்துவது

பலகையில் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்: பழக்கம் பத்துக்கு எத்தனை முறை நடந்தது. ரிஜெக்‌ஷன் எண் ஓரமாக இருக்கட்டும். பழக்கம் ஆபரேட்டர் கையில் இருக்கிறது, ரிஜெக்‌ஷனில் வார்ப்பு, மெட்டீரியல், ஃபிக்சர் எல்லாம் கலந்திருக்கும்.

ஆள் வாரியாக வரிசை போடாதீர்கள். ரிஜெக்‌ஷனுக்குச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். சட்டப்படி அபராதமே சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விளக்கம் கேட்காமல் போடவும் கூடாது. சட்டத்தை விடுங்கள், பிடித்தம் வந்த அன்றே ரிஜெக்ட் பீஸ் போடும் சிவப்புத் தொட்டி காலியாகத் தெரியும். கெட்ட பீஸ்கள் உலோகச் சீவல் அள்ளும் சிப் ட்ராலிக்கு அடியிலும் வாடிக்கையாளர் பெட்டிக்குள்ளும் போகும். சிவப்புத் தொட்டியில் பீஸ் விழுவது நல்லது, அங்கே விழுந்தால்தான் காரணம் பார்க்க முடியும்.

11. அடுத்த பழக்கத்துக்கு எப்போது போவது

இரண்டு வாரம் தொடர்ந்து, மூன்று ஷிப்டிலும், பத்துக்கு ஒன்பது முறை நடந்தால் அடுத்ததை எடுங்கள். காலை ஷிப்டில் ஒன்பதும் இரவு ஷிப்டில் ஐந்தும் என்றால் சராசரி போட்டு ஏமாறாதீர்கள். இரவில் ஒரு வாரம் நீங்களே வந்து நில்லுங்கள். ஸ்டோர்ஸ் பூட்டியிருப்பது, இன்ஸ்பெக்‌ஷன் ஆள் இல்லாதது, மெஷின் மேல் விளக்கு எரியாதது என்று மறுபடி இரண்டாம் வாரத்து வேலைதான் அங்கே காத்திருக்கும்.

நீங்கள் லீவில் போகும்போது பலகையை யார் பார்ப்பார் என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு சூப்பர்வைசரிடம் கொடுப்பதைவிட, உங்கள் ஷிப்ட் ஆபரேட்டர்களில் ஒருவரிடம் மார்க்கரையும், அந்த 2,000 ரூபாயில் மீதி இருப்பதையும் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. செலவு செய்ததற்குப் பில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.